கோலாலம்பூருக்கு நாலு மணி நேர ஐஸ்

1. முதல் நாள் கேள்வி

பூ ஏற்றுமதி வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"மெட்ராஸ்லேர்ந்து கோலாலம்பூர் எவ்ளோ தூரம்மா?"

நான் வெறுங்கையோடு போகவில்லை. முந்தின நாளே செல்போனில் பார்த்து வைத்திருந்தேன். "வான்வழியா ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வருங்க," என்றேன்.

"கிலோமீட்டரை வெச்சிக்கினு நான் என்னா பண்றது? பூ நடந்தா போவுது? நேரத்தைச் சொல்லு."

"நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மிங்க."

"தப்பு. ஆறரை மணி நேரம்."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் விமான நேர அட்டவணை இருந்தது. அதில் விரல் வைத்துக் காட்டினார். சென்னையில் புறப்படுவது பிற்பகல் மூன்று. கோலாலம்பூரில் இறங்குவது இரவு ஒன்பதரை. "மூணுலேர்ந்து ஒம்போதரை. வெரல் விட்டு எண்ணிக்கோ," என்றார்.

அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்று பக்குவமாகச் சொன்னேன். "அது எனக்கும் தெரியும். நானே போய்ட்டு வந்தவன்தான். போறதுக்கு ஆறரை. வர்றப்ப அங்க பன்னண்டுக்கு ஏறுனேன், இங்க ஒன்றரைக்கு எறங்கிட்டேன். வர்றப்ப காத்து பின்னாடிலேர்ந்து தள்ளுதும்மா. ஏரோப்ளேனுக்கும் ஏத்தம் எறக்கம் இருக்குது," என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதல் நாளே முதலாளியைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று புடவைத் தலைப்பால் வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டேன்.

அவரை விவரம் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டிவனம் ரோட்டில் ஒரு தகர ஷெட்டில் ஆரம்பித்து, குண்டுமல்லியை மலேசியா வரைக்கும் கொண்டுபோனவர் அவர். ஒரு மொட்டை இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்த்து, அது இன்று மாலை மலருமா, ஒருநாள் தள்ளி மலருமா என்று சொல்லிவிடுவார். பூவில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. கடிகாரத்தில்தான் அவரே ஏமாந்துகொண்டிருந்தார்.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மணிக்கு ஒரு பேக். தெர்மாகோல் பெட்டிக்குள் பூ எத்தனை மணி நேரம் இருக்குமோ அத்தனை ஐஸ் பேக் வைக்க வேண்டும். வேனில் போகிற நேரம், விமான நிலையத்தில் காத்திருக்கிற நேரம், அதோடு விமானத்தில் ஆறரை. அந்த ஆறரையில் இரண்டரை மணி நேரம் உலகத்திலேயே இல்லாதது. இல்லாத நேரத்துக்கு நாங்கள் தினமும் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தோம்.

2. தூங்குகிற பூ

நான் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச் பொறுப்புக்கு வந்த பிறகு கிள்ளானிலிருந்து செல்வநாயகத்தின் போன் வர ஆரம்பித்தது. கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊர் கிள்ளான். அங்கே பூக்கடை வைத்திருந்தார். எங்கள் பழைய வாடிக்கையாளர். மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவார். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

"வேதாம்மா, உங்க பூ தூங்குது லா. சாயங்காலம் வீட்டுக்கு வாங்கிட்டுப் போறவங்க மறுநா காலையில கொண்டாந்து காட்டுறாங்க. அரிசி மாதிரி அப்படியே கெடக்குது."

போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். மொட்டுகள் இறுகிக் கிடந்தன. ஓரமாக இருந்தவற்றில் பழுப்புக் கறை. குண்டுமல்லியை ஓரளவு குளிரில் வைத்தால் அது மலராமல் காத்திருக்கும். குளிர் ஜாஸ்தியாகிவிட்டால் பிறகு எந்தச் சூட்டில் வைத்தாலும் எழுந்திருக்காது. பழுப்பாகிப் போகும். நான் போட்டோவை முதலாளியிடம் காட்டி, பெட்டிக்கு இரண்டரை பேக் குறைக்கலாம் என்றேன்.

"கொறைக்கிறதா? ஆரம்பத்துல ஐஸ் கம்மியாப் போட்டு ஒரு லோடு முழுக்க வாடி, அவ்ளோவையும் அங்க குப்பையில கொட்டுனாங்க. அந்த வயித்தெரிச்சல் உனக்குத் தெரியாது. தூங்குனா தூங்கட்டும். செத்துப்போகாம இருந்தா போதும்," என்றார்.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. சூடு பட்டவர் அவர். ஆனால் தூங்குகிற பூவை எவள் தலையில் வைப்பாள்? நானும் விடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது சாக்கில் அந்தப் பேச்சை எடுப்பேன். அவரும் வாரத்துக்கு ஒருமுறை காற்று தள்ளுகிற கதையைச் சொல்வார்.

இப்படி இருக்கும்போது செல்வநாயகத்தின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. வரவேற்பு சனிக்கிழமை இரவு. மணமக்கள் மேடை ஏறுவது எட்டரைக்கு. பெண்ணின் தலைக்குச் சரம், மேடைக்குத் திரை, வருகிறவர்களுக்குக் கொடுக்க முழம் முழமாகப் பூ, எல்லாமே எங்கள் குண்டுமல்லிதான் வேண்டும் என்றார். கட்டியே அனுப்பச் சொன்னார்.

"வேதாம்மா, கிள்ளான்ல இருக்கிற அத்தனை பூக்கடைக்காரனும் அன்னிக்கு வருவான். பூக்கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துல பூவே பூக்கலைன்னா, மறுநாள் யாரு எங்கிட்ட மாலை சொல்லுவா? எம்பொண்ணு வேற சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டு இருக்கு, மேடையில வாசம் வரணும்னு. இந்தத் தடவை தூங்குச்சின்னா நம்ம வியாபாரம் முடிஞ்சிடும். நான் கோவத்துல சொல்லலை. என்னால தலை தூக்க முடியாது."

முதலாளியும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனை வைத்த பிறகு, "இந்த லோடு உன் பொறுப்பு. உன் கணக்குப்படி போடு. ஆனா வாடிப்போச்சின்னா, அதுக்கப்பறம் ஷெட்டுல ஐஸைப் பத்தி நீ வாயைத் தொறக்கக் கூடாது," என்றார்.

சரி என்றேன். அன்று எனக்குப் பயமே இல்லை. பயம் பிறகு வந்தது.

3. வெள்ளிக்கிழமை பௌர்ணமி

திட்டம் சாதாரணமானது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பறித்து, கட்டி, பிற்பகல் விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். இரவே கிள்ளான் போய்ச் சேரும். செல்வநாயகம் தன் கடைக் குளிர்பெட்டியில் வைத்திருந்து, சனிக்கிழமை மதியம் வெளியே எடுத்தால் இரவு மேடையில் மலரும்.

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. எங்கள் ஊரில் அன்று வண்டி ஓட்டத் தெரிந்தவன் வண்டியை வெளியே எடுக்க மாட்டான். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலத்துக்கு வருகிறவர்கள் தெருவை நிறைத்துவிடுவார்கள். அதனால் பூவை ஷெட்டுக்கே கொண்டுவரவில்லை. கீழ்பென்னாத்தூரில் எங்களுக்குப் பூ கொடுக்கிற கன்னியம்மா வீட்டுக் களத்திலேயே சரம் கட்டிப் பெட்டி போட்டோம். அங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாக நேரே சென்னை. டிரைவர் முனிரத்தினம் பொழுது ஏறுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

பெட்டிக்கு இரண்டரை பேக் குறைத்துத்தான் வைத்தேன். கன்னியம்மாவுக்கே மனசு ஒப்பவில்லை. "என்னா வேதா, பெட்டி தூக்கறதுக்கு லேசா இருக்குது? மொதலாளிக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும். நீ சரத்தை நெருக்கிக் கட்டு," என்றேன்.

வழக்கம்போல அதே பறிப்பிலிருந்து ஒரு சின்னப் பெட்டி சாம்பிளும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். அங்கே பூ என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள, இங்கே ஒரு பிடி வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் உண்டு. அதே அளவு குளிரில் வைப்போம். அங்கிருந்து புகார் வந்தால் இதைப் பார்த்துப் பதில் சொல்வோம்.

நடுப்பகலில் முனிரத்தினம் போன் செய்தார். "அக்கா, ஆஃப்லோடு பண்ணிட்டாங்க."

பயணிகளின் லக்கேஜ் எடை கூடிப்போனால் விமானத்தில் சரக்கை இறக்கி வைத்துவிடுவார்கள். அதுதான் ஆஃப்லோடு. பழம், பூ, காய் எதற்கும் தயவு கிடையாது. பெட்டிகள் உள்ளேயே போகவில்லை. விமானச் சரக்கு ஏஜெண்டின் கிடங்கிலேயே நின்றன. அடுத்தது சனிக்கிழமை காலை பத்து மணி விமானம்தான். அங்கே இறங்குவது மாலை நாலரைக்கு.

முதலாளி என் மேசைக்கு வந்து நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான் சொன்னேன்ல. ஐஸ் ஜாஸ்தியா இருந்திருந்தா ஒரு நாள் தாங்கியிருக்கும். இப்ப சாயங்காலமே கிடங்குல பூத்துடும். புதுசாப் பறிச்சி அனுப்பலாமா?"

"நாளைக்கு விடியக்காலம் பறிச்சி, நாலு மணி நேரம் ரோட்டுல போய், சரக்கு வாங்கறதை நிறுத்தற கட்-ஆஃபுக்கு முன்னாடி எப்பிடிங்க சேரும்? கிரிவலம் முடிஞ்சி மொத்த ஜனமும் அதே ரோட்டுலதான் ஊருக்குத் திரும்பும். கைல இருக்கிற பூவுதான் போகணும்."

அப்போதுதான் பயம் வந்தது. ஒரு பெண்ணின் கல்யாண மேடை, ஒரு மனிதரின் தொழில், இரண்டும் நான் லேசாக்கிவிட்ட பெட்டிக்குள் இருந்தன. ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கோலாலம்பூர் மணியை எல்லாம் மறந்து, நம் ஊர் மணியிலேயே எண்ணிப் பார்த்தேன்.

காலை பத்துக்கு ஏறுகிறது. நம் மணிக்குப் பிற்பகல் இரண்டுக்கு இறங்குகிறது. நம் மணிக்கு மாலை ஆறுக்குப் பெண் மேடை ஏறுகிறாள். நம் ஊரில் குண்டுமல்லி கண் திறக்கிற நேரமும் அதேதான்.

எண்ணி முடித்ததும் வழி தெரிந்தது. ராத்திரி முழுக்கப் பூ தூங்க வேண்டும். காலையில் விமானம் ஏறும்போது தூக்கம் கலைய ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். "ஏஜெண்டோட கூல் ரூம்ல பெட்டிய மூடினபடியே வைக்கச் சொல்லுங்க. இன்னிக்கி யாரும் தொறக்கக் கூடாது. காலையில உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி பழைய பேக்கெல்லாம் எடுத்துட்டு, புதுசா நாலே நாலு பேக் வைங்க. காத்திருக்கிற நேரமெல்லாம் கூல் ரூம்லயே போவட்டும்."

"நாலா?" முதலாளி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "முனிரத்தினம், ஏழு வை. ஆறரை மணி நேரம்டா!"

நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதுவரைக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

"மொதலாளி, என் பொறுப்புன்னு சொன்னீங்க. ஏழு வெச்சா அந்தப் பொண்ணு தலையில அரிசிதான் இருக்கும். வாடிப்போனா நான் வாயைத் தொறக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் என்னைப் பேச விடுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போனில் முனிரத்தினம், "அக்கா, யார் சொல்றதைக் கேக்கணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேதா சொல்றதைக் கேளு," என்றார் முதலாளி.

4. சாம்பிள் தட்டு

சனிக்கிழமை காலையில் பெட்டிகள் விமானத்தில் ஏறிவிட்டன என்று செய்தி வந்தது. இங்கே சாம்பிள் பெட்டியிலும் அதேபோல ஐஸைக் குறைத்து, மூடி மேசை மேல் வைத்தேன்.

பிறகு செல்வநாயகத்தைச் சமாளிக்க வேண்டியிருந்தது. விமானம் இறங்கியதும் பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது, வேனிலேயே மூடியைத் திறந்துவிட வேண்டும் என்றேன்.

"குளிர்பெட்டியில வைக்காமலா? முப்பது வருசமா நான் அப்படிச் செஞ்சதே இல்லை லா. மண்டபம் போறதுக்குள்ள வாடிடுச்சின்னா?"

"அண்ணே, இத்தனை நாளா நாங்க அளவுக்கு மேல ஐஸ் போட்டோம். நீங்களும் கடைசி நிமிஷம் வரைக்கும் குளிர்ல வெச்சீங்க. ரெண்டு பேருமா சேர்ந்து அதை எழுந்திருக்க விடலை. இந்த ஒரு தடவை என்னை நம்புங்க. மூடியைத் தொறந்து, ஈரத்துணி மட்டும் போடுங்க."

"சரி, உங்களை நம்புறேன்," என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை. வேறு வழியில்லாமல் சொன்னார்.

அங்கே மூடி திறந்ததாகச் செய்தி வந்ததும் இங்கே சாம்பிள் பெட்டியைத் திறந்து, பூவை ஒரு எவர்சில்வர் தட்டில் பரப்பினேன். ஷெட்டில் யாருக்கும் வேலை ஓடவில்லை. முதலாளி வந்து ஒரு மொட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். டீ வந்தது. குடித்தோம். மறுபடியும் வந்து அழுத்திப் பார்த்தார்.

"என்னாங்க?" என்றேன்.

"பேசாம இரு."

வெயில் இறங்கி, ஷெட்டின் நிழல் ரோட்டைத் தொட்டது. கிரிவலம் போய்விட்டு ஊர் திரும்புகிற பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அதை மறைக்க யாரையோ பெட்டி அடுக்கவில்லை என்று சத்தம் போட்டேன்.

முதலாளிதான் முதலில் பார்த்தார். "வேதா, இங்க வா." தட்டின் நடுவில் ஒரு மொட்டின் நுனி பிரிந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக. கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க வெள்ளை. அந்த ஐஸ் நாற்றமும் டீசல் நாற்றமும் அடிக்கிற ஷெட்டில் மல்லிகை வாசம் தூக்கியது.

போன் அடித்தது. வீடியோ கால். செல்வநாயகத்தின் முகம் தெரியவில்லை. மேடையைத்தான் காட்டினார். பச்சைப் புடவையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் சரம். அத்தனையும் மலர்ந்திருந்தது. பின்னால் திரை முழுக்க அப்படியே. அவள் யாருடனோ பேசிக்கொண்டிருந்தவள், சட்டென்று சரத்தை முன்னால் இழுத்து மூக்கருகே வைத்துக்கொண்டாள்.

"வேதாம்மா, பார்க்கிறீங்களா? வாசம் ரோடு வரைக்கும் வருது லா. எல்லாப் பயலும் எந்த ஊருப் பூன்னு கேக்குறான். நான் சொல்லலை!"

அவர் சிரித்தார். நான் போனைத் திருப்பி எங்கள் தட்டைக் காட்டினேன்.

"அண்ணே, அதே செடி. இங்கயும் இப்பதான் பூக்குது."

அங்கே மணி எட்டரை. இங்கே ஆறு. கன்னியம்மா கொல்லையில் ஒரே விடியலில் பறித்த மொட்டுகள் இரண்டு ஊரிலும் சேர்ந்தே மலர்ந்துகொண்டிருந்தன.

5. கடிகாரத்தைத் திருப்பாதவர்

திங்கட்கிழமை முதலாளி ஷெட்டுக்குள் நுழைந்ததும் பேக்கிங் ஆட்களிடம், "கோலாலம்பூருக்கு நாலு மணி நேர ஐஸ் போடுங்க," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சுபாவம் அது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் மற்ற ஊர்களின் கணக்கையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். சிங்கப்பூருக்கும் அதே கோளாறு இருந்தது. துபாய்க்கு நேர் எதிர். மேற்கே போவதால் அட்டவணையைக் கழித்தால் நேரம் குறைவாகத் தெரியும். அங்கே ஐஸ் பற்றாமல் பூ வழியிலேயே பூத்துக்கொண்டிருந்தது. அதற்கு நாங்கள் பாவம் அந்த ஊர் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு ஊருக்கு நடுவில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் போன் சொல்லிவிடும். ஆனால் சரக்கை அனுப்பினால், பெட்டி கட்டிய ஊரின் மணியிலேயே கடைசி வரை எண்ணுங்கள். ஆள் இறங்கியதும் கடிகாரத்தைத் திருப்பிக்கொள்வான். பெட்டிக்குள் இருப்பதற்குத் திருப்பத் தெரியாது.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், செல்வநாயகத்தின் பேத்திக்குப் பெயர் சூட்டும் விழாவுக்கு முதலாளி கோலாலம்பூர் போயிருந்தார். திரும்பி வந்து சென்னையில் இறங்கியதும், பெட்டியை எடுப்பதற்கு முன்பே எனக்குப் போன் செய்தார்.

"வேதா, இந்தத் தடவை கடிகாரத்தை நான் திருப்பவே இல்ல. நம்ம ஊரு மணியிலேயே வெச்சிருந்தேன்."

"சரிங்க."

"போறதுக்கும் நாலு மணி நேரம். வர்றதுக்கும் நாலு மணி நேரம்தாம்மா."

"அப்ப காத்து தள்ளலீங்களா?"

"தள்ளல," என்றார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக, போன் அதிரும்படி சிரித்தார்.